ஒரு பக்க இறக்கை

எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை, சார். இந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நின்றபடியே சொல்கிறேன். தையல்காரன் நான். உட்கார்ந்து தைத்தாலும் நடுநடுவே எழுந்து வாசல்வரை போய்வந்தால்தான் எனக்குக் கை ஓடும்.

என் தங்கையின் கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குத் தேனீயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுற்றி வளைப்பதாக நினைக்காதீர்கள். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டு முன்னறைதான் கடை. நான் தைப்பேன், பாப்பா வெட்டுவாள். பாப்பா என்பது என் தங்கை. முப்பது வயதை நெருங்குகிறாள், ஆனாலும் தெருவுக்கே அவள் பாப்பாதான். உள்ளறையில் அப்பா. அம்மா போனபிறகு அவர் பாப்பா தட்டில் போட்டால்தான் சாப்பிடுவார். நான் போட்டால் பசியில்லை என்பார். கடைக்கு வருகிற பெண்களும் அப்படித்தான், துணியை என்னிடம் நீட்டிவிட்டுக் கதையை அவளிடம் பேசுவார்கள். எனக்கு அதில் பொறாமை கிடையாது. அந்தச் சலசலப்பு இல்லாவிட்டால் எனக்கு ஊசியில் நூலே ஏறாது. அவள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது.

ஒரு நாள் துணியை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, பெரிய கம்பெனி ஒன்னுல கட்டிங் டிரெய்னிங்குக்குக் கூப்பிட்டிருக்காங்க. வேற ஊரு. ஒரு வருஷம்தான். முடிச்சிட்டு வந்து நம்ம கடையையே பெருசாக்கிடலாம்."

"போறவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லிட்டுப் போவாங்க."

"நான் எங்க போகப்போறேன்? உன் சிடுமூஞ்சியப் பாக்காம எனக்குச் சோறு இறங்குமா?"

சிரித்தாள். நான் எழுந்து வாசல்வரை போய்வந்தேன்.

அந்த வாரம்தான் கடைப் பெயர்ப்பலகையின் இரும்புச் சட்டத்தில் ஒரு தேனீக்கூட்டம் வந்து தொங்கியது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. நான் மட்டும் ஏணி போட்டு ஏறி, கிட்டே காதை வைத்துக் கேட்டேன். ஆள் நிறைந்த வீட்டுக்குள் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. இதை விடக்கூடாது என்று தோன்றியது.

தேன் விற்கிறவர் ஒருவரைத் தேடிப்பிடித்தேன். அவர் தேனீ அடை கட்டுவதற்கான சட்டங்கள் வைத்த மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கூட்டத்துக்கு நேர் கீழே பெட்டியைப் பிடித்துக்கொண்டு பலகையை ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஈரத்துணி விழுவதுபோல மொத்தமும் பொத்தென்று உள்ளே விழுந்தது.

"ராணி உள்ள விழுந்துட்டா போதும். மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

வந்தன. முதலில் உள்ளே போனவை பெட்டி வாசலில் நின்று, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு இறக்கையை விசிறி மற்றவற்றைக் கூப்பிட்டன. எனக்குக் கன்னத்தில் நாலைந்து கொட்டு. பாப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்பத்தாண்ணா உன் மூஞ்சிக்கு ஒரு களை வந்திருக்கு" என்றாள்.

பெட்டியைக் கொல்லையில் வைத்தேன். எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன், குடிக்கச் சர்க்கரைப்பாகு ஊற்றினேன். நாலு தையல் போடுவதற்குள் மனசு கேட்காது. எழுந்துபோய் மூடியைத் திறந்து, இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாள் திறந்தபோது ஒன்றுகூட இல்லை.

தேன்காரர் கேட்டார்: "அடிக்கடி திறந்து பாத்தீங்களா?"

"பாக்காம எப்படி?"

"அப்புறம் எங்க தங்கும்? அதுங்கள நிம்மதியா விடணுங்க."

என்ன பேச்சு இது என்று நினைத்துக்கொண்டேன். வேறு வழியே இல்லையா என்று விடாமல் நச்சரித்தேன்.

"ராணியோட ஒரு பக்க இறக்கையில கொஞ்சம் நறுக்கிவிடறவங்களும் உண்டு. அதால பறக்க முடியாது, அதை விட்டுட்டுக் கூட்டமும் போகாது. ஆனா அது முட்டை வைக்கிறதைக் கண்ணால பாத்தப்புறம்தான் நறுக்கணும். அதுவரைக்கும் பொறுக்கணும்."

பொறுப்பது எனக்கு வராத காரியம், சார்.

அடுத்து எதிர்வீட்டு மரத்தில் ஒரு சின்னக் கூட்டம் வந்தது. அதை நானே பிடித்தேன். பெட்டியில் போட்டதும் மற்றவற்றைவிட நீளமாக இருந்த ராணியைத் தேடிப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக வைத்துக்கொண்டு, நூல் வெட்டும் கத்தரியால் இறக்கையின் நுனியை நறுக்கினேன். அதற்கு வலித்ததாகத் தெரியவில்லை. கீழே விட்டதும் மற்ற தேனீக்கள் ஓடிவந்து அதைச் சுற்றிக்கொண்டன. அந்தக் கூட்டம் போகவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் பாப்பா ஒரு புது சூட்கேஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

எங்கள் துணி வெட்டும் மெஷினில் கத்திக்கு முன்னால் ஒரு காப்புத் தகடு உண்டு. பாப்பா அதன்மேல் விரலைச் சாய்த்துக்கொண்டுதான் வெட்டுவாள். குனிந்து பார்க்கமாட்டாள், வந்தவர்களோடு பேசிக்கொண்டே தள்ளுவாள். எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன், கேட்டால்தானே. அன்று மதியம் அப்பாவுக்குச் சோறு போட உள்ளே போனாள். நான் தகட்டைக் கழற்றி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். திருகாணிகளைத் தனியாக ஒரு காகிதத்தில் பொட்டலம் கட்டிவைத்தேன். எனக்குப் பொருளைத் தொலைப்பது பிடிக்காது.

ஒரு விரலின் நுனி போகும் என்றுதான் நினைத்தேன். இரண்டு விரல் போய்விட்டது. அது என் அளவு தப்பிய காரியம், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நாட்களில் எங்கள் வீட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சித்தி வந்து தங்கினாள், மாமா வந்தார், தெருப்பெண்கள் முறைவைத்துக்கொண்டு சமைத்துக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் எந்நேரமும் பேச்சு. அப்பாவுக்கு நான்தான் சோறு போட்டேன், மறுக்காமல் சாப்பிட்டார். கம்பெனிக்குப் போன் செய்து அவள் வரவில்லை என்று சொன்னதும் நான்தான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பாப்பா நடுவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது.

பெட்டியில் மட்டும் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இன்று மதியம் தேன்காரரை அழைத்துக்கொண்டு வந்து காட்டினேன். ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க, ஒரு முட்டைகூட இல்ல? இருக்கிறதெல்லாம் கிழடு. இன்னும் கொஞ்ச நாள்ல பெட்டி காலியாயிடும்." ராணியைக் கண்டுபிடித்து உற்றுப் பார்த்தார். "அடடா, இது கன்னி ராணிங்க. சின்னக் கூட்டமா வந்தாலே அப்படித்தான் இருக்கும். இது ஒரு தடவை வெளிய பறந்து, ஆண் ஈயோட சேந்துட்டு வந்தாத்தான் முட்டை வைக்கும். அதுக்குள்ள நறுக்கிட்டீங்களே."

"வெளிய போனா திரும்பி வராதே."

"வராம? அதுக்கு வேற வீடு ஏது? நேரா இங்கதான் வரும்."

பாப்பா எங்களுக்குப் பின்னால் இடது கையில் டீயோடு நின்றிருந்தாள். நறுக்கிய இறக்கையோடு சட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ராணியையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, மெஷின் தகடு எங்க?"

"என் டிராயர்ல."

"நீ கழட்டினியா?"

"ஆமா."

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. அவள் அழவில்லை. டீயைத் தேன்காரர் கையில் கொடுத்தாள், செருப்பை மாட்டினாள், நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள்.

அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கோபம் தணிந்தால் சரியாகிவிடுவாள், என் தங்கை எனக்குத் தெரியாதா? தேன்காரர் சொன்னது தேனீக்குப் பொருந்தலாம். மனிதர்கள் அப்படித் திரும்பி வருவார்கள் என்று எவன் உத்தரவாதம் கொடுப்பான்? அவளை நான் அடித்ததில்லை, திட்டியதில்லை, பட்டினி போட்டதில்லை. வீட்டில் இருக்க வைத்தேன், அவ்வளவுதான்.

ஒன்றை நினைத்தால்தான் எனக்கு நிலைகொள்ளவில்லை. கட்டுப் பிரித்ததிலிருந்து அவள் பழைய செய்தித்தாள்களை விரித்து இடது கையால் வெட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். பொழுது போகாமல் செய்கிறாள் என்று இருந்துவிட்டேன். இன்று காலையில் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்: "எந்தக் கையில வெட்டினா என்னம்மா, கிளம்பி வான்னு கம்பெனில சொல்லிட்டாங்கப்பா. போயிட்டு வந்துடறேன்." வெட்டிய தாள்களை எடுத்துப் பார்த்தேன், சார். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை.

என்னை எப்போது வீட்டுக்கு விடுவீர்கள்?