வெண்ணெய்க் கண்ணனுக்குப் பின்னால்

உலகத்தில் நடந்த பெரும் போர்களெல்லாம் நீதிக்காகவே நடந்தன. நான் நடத்தியதும் அப்படித்தான். என்ன, என்னுடையது வைஃபை சம்பந்தப்பட்டது.

என் பெயர் பஞ்சநதம். திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்கால் சங்கத்துக்குப் பலமுறை தலைவராக இருந்தவன். என் வீட்டுக்கும் தம்பி குணசேகரன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாகம் பிரித்தபோது கிழக்குப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன். மேற்கில் வெயில் அடிக்கும் என்பதற்காக அல்ல. அண்ணன் கிழக்கில் இருப்பதுதான் முறை.

தம்பிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பெங்களூரில் இருந்த அவன் மகள் குந்தவை, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். காலையில் அப்பாவுக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு, அறைக்குள் போய்க் கணினி முன்னால் இங்கிலீஷ் பேசுவாள். அதில் எனக்கு வருத்தமில்லை. என்னிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் அவளிடம் போய் நின்றதிலும் வருத்தமில்லை.

ஒருநாள் பார்சல்காரர் என் வாசலில் வண்டியை நிறுத்தினார். "ஏங்க, நீங்க குந்தவை வீட்டுக்குப் பக்கத்து வீடுதானே?"

இந்தத் தெருவில் எந்த வீட்டுக்கும் என் பெயரை வைத்துத்தான் வழி சொல்வார்கள். "ஆமாங்க" என்றேன். அன்று முதல் சாப்பாடு இறங்கவில்லை. பித்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

வாய்க்கால் பார்த்தவனுக்கு ஒன்று தெரியும். பக்கத்து வயல் காய வேண்டுமென்றால் பயிரைத் தொட வேண்டியதில்லை. மடையில் ஒரு வெட்டு மண் போதும். ஒருமுறை என் மனைவியின் போன் தகர அரிசி டிரம்முக்குள் விழுந்து மூடிக்கொண்டது. எத்தனை தடவை கூப்பிட்டும் மணி அடிக்கவில்லை. மண்ணுக்குப் பதில் தகரம், அவ்வளவுதான்.

தஞ்சாவூர் போய், தங்க ரேக் ஒட்டிய வெண்ணெய்த்தாழிக் கண்ணன் படம் ஒன்று வாங்கினேன். பின்பலகையைக் கழற்றி, அதே அளவுக்குத் தகரம் வெட்டி உள்ளே வைத்து மூடினேன். தம்பி வீட்டுக் கூடத்தில், எங்கள் பொதுச் சுவரின் மாடத்தில்தான் ரௌட்டர் இருந்தது. "ஒயரும் விளக்குமா அசிங்கமா இருக்கு. சாமியால மறைச்சிடுவோம்" என்று நானே ஆணி அடித்து மாட்டினேன். தம்பி மனைவி தங்கமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க தம்பிக்குக் குணமாகணும்னு இவ்ளோ செஞ்சிருக்கீங்களே மாமா" என்றாள். நான் மறுக்கவில்லை.

மறுநாளிலிருந்து குந்தவையின் மீட்டிங் பாதியில் அறுந்தது. புகார் எண்ணில் தங்கமணி "நெட் வரல" என்றாள். அணைத்துப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டார்கள். பிறகு நெட் பார்க்கும் பரிதி வந்தான்.

"வரலன்னு மட்டும் சொன்னா எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒரு போன்லயா, எல்லாத்துலயுமா? எந்த ரூம்ல விட்டுப் போவுது? நல்லா வந்துக்கிட்டிருந்ததுக்கப்புறம் வீட்ல என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலப்பா. வச்சது வச்ச எடத்துல இருக்கு."

சாமியை யாரும் மாற்றத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் அவன் படத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனான். "நாள் பாத்து மாட்டுனது. நீ தொடாத" என்றேன். கையை எடுத்துக்கொண்டான். அவன் அப்பா மருதையன் எங்கள் வயலில் வேலை பார்த்தவன். அதற்காகச் சொல்லவில்லை; நாள் பார்த்தது என்பதால்தான் சொன்னேன். பரிதி மாடத்தை எட்ட நின்று பார்த்துவிட்டு, "லைன்ல கோளாறா இருக்கலாம்" என்று சொல்லிப் போய்விட்டான்.

கம்பெனிக்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரில் வந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். ரயில் ஸ்டேஷனுக்குக் குந்தவையை என் காரில்தான் கொண்டுபோய் விட்டேன். "அப்பாவப் பாத்துக்குங்க பெரியப்பா" என்றாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், என் வாசலிலிருந்து. தங்கமணி ஒருத்தியால் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க முடியவில்லை. முதுகில் புண் வந்தது. படுத்தே கிடப்பவர்களுக்கு வருவதுதான்.

மகள் வீடியோவில் கூப்பிடுவாள். பாதிச் சொல்லில் முகம் அப்படியே நின்றுவிடும். நின்றுபோன முகத்தைப் பார்த்துத் தம்பி தலையாட்டிக்கொண்டே இருப்பான்.

போன வாரம் குந்தவை பரிதியை மறுபடி அனுப்பினாள். நானும் கூடத்தில் இருந்தேன். ஸ்பீக்கர் போனில் அவள் தெளிவாகவே சொன்னாள். "எந்த போனா இருந்தாலும் ரூமுக்குள்ள விட்டுப் போவுதுண்ணா. மாடத்துகிட்ட நின்னா கொஞ்சம் எடுக்கும். யோசிச்சுப் பாத்தா, படம் மாட்டுன நாள்லேருந்துதான். அதைக் கழட்டிப் பாருங்க."

பரிதி என்னைப் பார்த்தான். தங்கமணியே கழற்றிக் கொடுத்தாள். அவன் பின்பலகையைத் திறந்தான்.

"கடைக்காரன் கெட்டிக்கு வச்சிருப்பான்" என்றேன்.

"கடையில வெட்டுனா ஓரம் இப்படிப் பிசிறா இருக்காதுங்களே" என்றான். வைத்தது நான்தான் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். குந்தவையைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பக் கம்பெனி சம்மதிக்கவில்லை. அது அவர்கள் முடிவு. அதற்கு நான் பொறுப்பல்ல.

அன்று படத்தைக் கழற்றிய பிறகு, நெட் எடுக்கிறதா என்று பார்க்கப் பரிதி பாஸ்வேர்டு கேட்டான். கட்டிலிலிருந்து தம்பி குழறினான். "அண்...ணன் பேரு."

"ஆமாப்பா, மாமா பேருதான்" என்றாள் தங்கமணி. "எதுன்னாலும் அவங்க பேர்ல ஆரம்பிக்கணும்பாங்க இவங்க. இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து."

அன்று சாயங்காலம் அதை என் போனில் அடித்துப் பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே எடுக்கிறது.