கெல்மார்கள் கடலிலிருந்து வந்தவர்கள்

ஸ்டேஷன் ரைட்டர் ஐயாவின் கையெழுத்து அழகாக இருக்கிறது. நானும் விசைத்தறி ஆபீஸில் பன்னிரண்டு வருஷமாகப் பேனா பிடிக்கிறவன், அதனால் கண்ணில் பட்டது. நிதானமாகவே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லை.

வேல்ராஜும் நானும் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் நடத்தினோம். எல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. வாளும் மந்திரமுமாக ஒரு கற்பனை உலகம். அதில் கெல்மார்கள் என்று ஓர் ஆதி இனம் உண்டு. கதை தொடங்குவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷம் முன்பே அழிந்துபோனவர்கள். பதினான்கு பாழடைந்த ஊர்கள்தான் மிச்சம். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று விளையாட்டில் எந்த இடத்திலும் சொல்வதில்லை. அதைப் பேசித்தான் எங்கள் சேனல் ஓடியது.

கடல் தாண்டி வந்தவர்கள் என்பது என் கட்சி. அவர்களுடைய கல்லறைகள் எல்லாம் கடலைப் பார்த்து இருக்கின்றன. மண்ணுக்கடியிலிருந்து கிளம்பியவர்கள் என்பது வேல்ராஜ் கட்சி.

“கடல்ல வந்தவன் ஒரு எடத்துலயாவது படகு செதுக்கி வச்சிருக்க மாட்டானா, அண்ணாச்சி?” என்பான்.

வந்த படகை எரித்துவிட்டவன் அதை எதற்குச் செதுக்க வேண்டும் என்று நான் கேட்பேன். நான்கு வருஷம் இப்படிப் போனது. அவனுக்கு இருபத்தொன்பது வயது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை. ஆபீஸ் விட்டால் நான் நேரே அங்கேதான் போவேன். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் வீட்டில் யாரும் என்னிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்பதில்லை, ஐயா. கெல்மார்களைப் பற்றி மட்டும் பதினோராயிரம் பேர் கேட்டார்கள்.

ஆனி மாதத்தில் அவன் படிக்கட்டுகளைக் கண்டுபிடித்தான். பதினான்கு ஊரிலும் படிகள் கீழே அகலமாக இருக்கின்றன, மேலே வர வரக் குறுகுகின்றன. கீழிருந்து கட்டிக்கொண்டே மேலே வந்தவர்கள்தான் அப்படிக் கட்டுவார்கள் என்றான். ஒரு வாரம் தேடியும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கமெண்டுகளில் எல்லாரும் அவன் பக்கம் சாய்ந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோற்றுப்போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் அவன் என்மேல் இரக்கப்பட்டான். ஆடித்தபசுத் திருவிழா அன்று ரத வீதிக் கூட்டத்தில் நிற்கும்போது என் தோளில் கை போட்டான்.

“நம்ம ஊர்ச் சாமியே பாதி சங்கரன், பாதி நாராயணனாத்தான நிக்காரு, அண்ணாச்சி. கெல்மாரும் பாதி கடல், பாதி மண்ணுன்னு ஒரு வீடியோ போட்டு முடிச்சிருவோம். எதுக்கு மனசு கஷ்டப்படுதீங்க?”

ஊரே அந்தப் பாதிப் பாதியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றது. நானும் கும்பிட்டேன். பாதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், ஐயா? என்னிடம் இருந்ததே அது ஒன்றுதான்.

சமாதான வீடியோவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாம் என்று நானே சொன்னேன். மேலநீலிதநல்லூர் போகிற வழியில் என் சித்தப்பா கிணறு இருக்கிறது. சுவரிலிருந்து நீட்டிய கல்படிகள், பிடிமானம் எதுவும் கிடையாது. கெல்மார் படி மாதிரியே இருக்கும் என்றேன். அவன் சந்தோஷப்பட்டான். தன் செல்போனைக் கிணற்று விளிம்புக்கு எதிரே ஸ்டாண்டில் மாட்டி, வீடியோவை ஓடவிட்டு, கெல்மார்கள் மாதிரி கீழிருந்து ஏறி வருவதைக் காட்டுவதற்காகப் படிகளில் இறங்கினான். கடைசிப் படிகளில் பாசி இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவனுக்கு நீச்சல் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

விழுந்தவன் எப்படியோ மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டான். மோட்டார் இறக்குகிற நைலான் கயிறு பம்புசெட் ரூமில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். போடத்தான் எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு நின்றபோது வாயில் வேறு வந்தது.

“ஏலே, கெல்மாரு எங்க இருந்து வந்தாங்க?”

“கடல்ல இருந்துதான், அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான் சரி. கயித்தப் போடுங்க.”

அதை எப்படி நம்புவது? ஸ்டேஷனில் அடிக்குப் பயந்து ஒருவன் சொல்வது செல்லாது என்று நீங்களே சொல்வீர்கள். மனசாரச் சொல் என்றேன். மறுபடி கடல் என்றான். பிறகு மண் என்றான். பிறகு ரெண்டும்தான் என்று அழுதான். எதைச் சொன்னால் கயிறு வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஐயா. கயிறு என் கையில்தான் இருந்தது, என்னால் அதை விட முடியவில்லை.

இடையில் என் போனுக்கு அவன் மனைவி இசக்கித்தாய் கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, அவுக போன எடுக்க மாட்டேங்காக. மத்தியானம் சாப்பிட வந்திருவாகளா?”

“வந்திருவான் தாயி, எடுத்து வையி” என்றேன். அப்போது அவன் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். கேட்டிருக்கும். அதற்குப் பிறகு அவன் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கால் வழுக்கி விழுந்தான், நான் ஓடிவருவதற்குள் முடிந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். நான் போட்டிருந்தால் கயிறு எட்டியிருக்கும். அவனைக் கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவனுடைய காரியம் முடிந்து மூன்றாம் நாள், அவன் செல்போனிலிருந்து முன்பே எடுத்து வைத்திருந்த அந்த வீடியோவில் அவன் கடல் என்று சொல்கிற பதினோரு வினாடியை மட்டும் வெட்டிச் சேனலில் போட்டேன். படத்தில் கிணற்று விளிம்பும் ஆகாயமும்தான் தெரியும், குரல் மட்டும் கேட்கும். ‘வேல்ராஜ் ஒப்புக்கொண்டான்’ என்று தலைப்பு வைத்தேன். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். இசக்கித்தாயும் பார்த்திருக்கிறாள். அதை வைத்துத்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள்.

அந்தக் குரலில் உயிர்ப்பயம் தெரிகிறது என்கிறீர்கள். நான் எத்தனையோ தடவை போட்டுக் கேட்டுவிட்டேன், ஐயா. அவன் மனசாரத்தான் சொல்லியிருக்கிறான்.