ஆரூரனுக்குக் காட்டேரி வேஷம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடை திறப்பதில்லை, சார். தண்டையார்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற எங்கள் தென்மாவட்டத்துக்காரர்கள் சிலர் ஞாயிறும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. காலையில் ராயபுரத்தில் ஆராதனை, மதியம் நல்ல சாப்பாடு, பிறகு குடோனுக்கு மேலே இருக்கும் அறையில் ஒரு படம். படம் பார்க்க வேலப்பன் வருவான். கொருக்குப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவன். எங்களைச் சேர்த்து வைத்ததே நடிகர் ஆரூரன்தான். அவருடைய முதல் படத்துக்குத் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தோம். அதன்பின் அவர் படம் எதையும் தனித்தனியாகப் பார்த்ததில்லை.

வேலப்பனை நான் வெறுத்தேன் என்று நீங்கள் நினைத்தால் அது தவறு. அவன் மகள் அம்முவுக்குக் காலேஜ் சீட் கேட்டு அலைந்தது நான்தான். அவன் மனைவி ஷாலு என்னை அண்ணாச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அவனுக்கு மூச்சிரைப்பு உண்டு. எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயமில்லை. எண்ணூர்ப் புகை தெற்கே திரும்பும் நாட்களில் தெருவில் பாதிப் பேர் இருமுவார்கள். வேலப்பன் சட்டைப் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். அதைப் பம்பு என்பான்.

இந்த வருஷம் ஆரூரன் ரத்தக் காட்டேரியாக நடித்தார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். முதல் நாளே திருவொற்றியூரில் பார்த்தோம். ஒரு பெண்ணின் கழுத்தருகே குனிந்து அவர் முதன்முதலாகப் பல்லைக் காட்டுகிற இடம். தியேட்டரே அசையாமல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது வேலப்பன் உரக்கச் சொன்னான்:

“பல் டாக்டராண்ட வந்தவரு கணக்கா கீறாரு.”

மொத்தக் கூட்டமும் சிரித்தது. படம் முடியும்வரை அது அடங்கவில்லை. ஆரூரன் வாயைத் திறந்தபோதெல்லாம் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. வெளியே டீக்கடையில் நிதானமாகத்தான் கேட்டேன், அந்த வேஷம் அவருக்கு ஏன் பொருந்தவில்லை என்று.

“நல்லா துன்னுட்டு தூங்கி எய்ந்த மூஞ்சி அண்ணாச்சி அது. காட்டேரின்னா பசி வோணும். நம்மாளு கண்ணுல இன்னா கீது? கொயந்தைய நம்பி கைல குட்த்துட்டுப் போலாம், அப்டி கீது.”

“அதுதானப்பா விஷயம்” என்றேன். “பார்த்ததும் பயந்து ஓடுற மாதிரி இருந்தா எவன் கதவைத் திறப்பான்? நல்லவனாத் தெரியணும். உள்ள கூப்பிட்டு உட்கார வைக்கணும்போல இருக்கணும்.”

“அப்ப நீயே நடிச்சிருக்கலாம் அண்ணாச்சி.”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தப் பல் டாக்டர் பேச்சு அதோடு நிற்கவில்லை. பாரிமுனை போகும் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன் அதையே தன்னுடைய சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கடைக்கு வரும் ஆட்கள் சொன்னார்கள். படம் சீக்கிரமே தியேட்டரை விட்டுப் போனது. ஆரூரனுக்கு வயசாகிவிட்டது, இனி எந்த வேஷமும் எடுபடாது என்றார்கள். ஒரு மனிதனை இப்படிக் கீழே தள்ளியது என் பக்கத்து சீட்டிலிருந்து கிளம்பிய வார்த்தை. அது எனக்கு உறுத்தியது.

படம் ஓடிடியில் வந்ததும் வேலப்பனை அழைத்தேன். கூட்டம் இல்லாமல், சிரிப்பு இல்லாமல் ஒருமுறை பார்த்தால் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு எண்ணம் இல்லை. புழுக்கமாக இருந்ததால் சட்டையைக் கழற்றி என் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். அந்த இடம் வந்தது. ஆரூரன் பல்லைக் காட்டினார். வேலப்பன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் இரைப்பாகிவிட்டது.

எழுந்து சட்டைப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். கொடுக்கத்தான் எடுத்தேன், அதை நீங்கள் நம்பவேண்டும். முன்பும் பல தடவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அவன் கையை நீட்டினான். அவனால் பேச முடியவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இத்தனை வருஷப் பழக்கத்தில் வேலப்பன் குறுக்கே பேசாமல் என் முகத்தையே பார்த்தது அன்றைக்குத்தான்.

அதனால் சொன்னேன். அவசரப்படாமல் சொன்னேன். படத்தைப் பின்னால் ஓட்டி, நிறுத்தி, ஆரூரனின் கண்களைக் காட்டினேன். குனிவதற்கு முன்னால் அந்தப் பெண்ணின் தலைமுடியை எவ்வளவு பிரியமாக ஒதுக்கிவிடுகிறார் பார் என்றேன். வேலப்பனின் தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. உதடு நிறம் மாறியது. என் கைலியைப் பிடித்து இழுத்தான். திரையைப் பார்க்கச் சொன்னேன்.

“குடு அண்ணாச்சி” என்றான். காற்றுதான் வந்தது.

“பொருந்துறாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

பிறகு இன்ஹேலரை அவன் கைக்குள் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, கீழே போய் ஆட்டோ பிடித்தேன். வரும்போதே உயிர் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஷாலு என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடசீல நீயாச்சும் கூட இருந்தியே அண்ணாச்சி, அது தனியா சாவலியே” என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அம்முதான் யோசித்திருக்கிறாள். இன்ஹேலரின் மூடி திறக்கப்படவே இல்லை, மூச்சு முட்டுகிற மனுஷன் மூடியைக்கூடத் திறக்காமல் கையில் வைத்திருப்பானா என்று ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் கேட்டிருக்கிறாள். புத்திசாலிப் பெண். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

அவன் கடைசியில் பதில் சொன்னானா என்று கேட்டீர்கள். சொன்னான் சார். தலையாட்டினான். பொருந்துகிறார், பொருந்துகிறார் என்பதுபோல் வேகவேகமாக, கண்ணில் நீர் வழிய ஆட்டினான். அப்போதே கொடுத்திருக்கலாம். பிழைத்தும் இருப்பான். ஆனால் வேலப்பனை எனக்குத் தெரியும். அது மனதார ஆட்டியதில்லை, பம்புக்காக ஆட்டியது. இன்ஹேலரை மடியில் வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார்ந்தேன். அவன் கை விழும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒருவனை வற்புறுத்திப் பொய் சொல்லவைக்கிற ஆள் நான் இல்லை.