சுல்மீரா பட்டினி போடமாட்டாள்

இரவு பதினொன்றே முக்கால். யூக்கலிப்டஸ் தோப்புக்கு நடுவே, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு எலி வளர்க்கிற வெள்ளெலிக் கூடத்துக்குப் போகிற செம்மண் பாதை... ஈ காக்கை கிடையாது. அதில் ஜுசாரா தனியாகப் போனாள். என் நண்பன் வால்தீரின் மைத்துனி. அவளே அழுதுகொண்டு சொன்னது இது. சிரிக்கிறவன் இப்போதே வீட்டுக்குப் போகலாம்... அதேமீர், உன்னைத்தான்!

அவள் ஆராய்ச்சி இதுதான். நாற்பது வெள்ளெலி. பாதிக்குப் பன்றிக் கொழுப்பு கலந்த தீனி, பாதிக்கு சோயா எண்ணெய் கலந்தது. எதில் கொலஸ்ட்ரால் அதிகம் ஏறுகிறது என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பாள். எடுப்பதற்கு முந்தின இரவு எலிகளுக்குப் பட்டினி. கொழுப்புள்ள எதையாவது தின்றுவிட்டால் ரத்தத்திலிருந்து பிரிகிற தெளிநீர் பால் மாதிரி வெளுத்துவிடும். பிறகு அந்த ரத்தம் எதற்கும் ஆகாது.

இரண்டு முறை வெளுத்தது. நாற்பதுக்கும்! தீனியை எடுத்து, கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோனவள் அவளேதான்.

"மூணாவதும் போச்சுன்னா பட்டத்தை மறந்துடும்மா" என்றார் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு. அதனால்தான் காவலுக்குப் போனாள்.

இருட்டில் முக்காலியில் உட்கார்ந்தாள். மரத்தூள் வாடை, மூத்திர வாடை. பசியில் எலிகள் கம்பியைக் கடிக்கிற சத்தம்... கிறீச், கிறீச். திடீரென்று அத்தனையும் நின்றது.

வாசனை வந்தது. மரவள்ளி மாவில் சீஸ் போட்டுச் சுடுகிற உருண்டை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது போல... ரப்பர் செருப்பு தேய்ந்தது. சரக்... சரக். கதவு திறக்கவேயில்லை.

சுல்மீரா.

பத்தொன்பது வருடம் அந்த எலிகளுக்குத் தீனி வைத்தவள். அந்த ஜனவரி மழைக்காலத்தில் செத்துப்போனாள். ஜுசாராவே குழியில் மண் போட்டிருக்கிறாள்.

சுல்மீராவுக்கு முன்பு ரெஜானி என்று ஒரே மகள் இருந்தாள், ஏழு வயது. ஆபரேஷனுக்கு முன்னால் வெறும் வயிறாக இருக்கவேண்டும் என்றார்கள். காலை என்றது மாலையானது, மாலை மறுநாளானது. "அம்மா, ஒரே ஒரு உருண்டைம்மா..." என்று குழந்தை இரவெல்லாம் கெஞ்சியது. மடியில் பொட்டலம் இருந்தும் இவள் கொடுக்கவில்லை. டாக்டர் சொல் ஆயிற்றே. உள்ளே போன குழந்தை உயிரோடு திரும்பவில்லை. பாவி, அந்த உருண்டையைக் கொடுத்திருக்கலாம்...

சுல்மீரா உருண்டையைப் பிட்டுப் பிட்டுக் கூண்டு கூண்டாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"சுல்மீராம்மா, வேணாம்மா. நாளைக்குத்தான் ரத்தம் எடுக்கணும். என் பொழைப்பே போயிடும்."

"பசிக்குதுன்னு கேக்குதுங்க கண்ணு. கொஞ்சூண்டுதான்..."

கை நிற்கவில்லை. ஜுசாராவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது. என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் கத்திவிட்டாள்.

"உங்க மக கேட்டப்ப குடுத்தீங்களா?"

செருப்புச் சத்தம் நின்றது. வாசனை மெல்ல மெல்ல அடங்கியது... அவ்வளவுதான்.

ரத்தம் எடுப்பதை ஒரு வாரம் தள்ளிவைத்தாள். அப்போது நாற்பதும் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. பட்டமும் வந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்க வழி இல்லையே!

அடுத்த வருடம் வேறு யாரோ எலிகளைப் பட்டினி போட்ட இரவில் ஜுசாரா மறுபடி போனாள். சூடான உருண்டைகளைத் துணியில் கட்டிக்கொண்டு.

"அம்மா, தெரியாம சொல்லிட்டேன். வாங்கம்மா... வந்து போடுங்க."

ஒரு மணி... இரண்டு மணி... யாரும் வரவில்லை. வரிசையின் கடைசியில் ஒரு காலிக் கூண்டு. அங்கிருந்து மட்டும் கம்பியை நகத்தால் சுரண்டுகிற சத்தம். ஜுசாரா ஒரு உருண்டையை நீட்டினாள்.

ஒரு சின்னப் பெண்குரல் சொன்னது:

"நீ குடுத்தா வேணாம். எங்கம்மாவை என்ன சொன்னே? ஏன் இப்பல்லாம் வரமாட்டேங்கறா?"