கிட்டாருக்கு மட்டும் வாரேன்

எடப்பாடியிலிருந்து சேலம் வரும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வருகிற ஞாயிறு மாலை அவர்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் கச்சேரி. முதலில் கல்லூரிப் பிள்ளைகளின் கிட்டார் இசை, பிறகு நாட்டுப்புறப் பாட்டு. அந்த அம்மா முதல் முறையாக மேடையேறப் போகிறார். இதெல்லாம் அவர்கள் பேச்சிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

திடீரென்று கணவர் சொன்னார்: "நான் கிட்டாருக்கு மட்டும் வாரேன். நீ பாடறப்ப வெளிய போயிருவேன்."

அந்த அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஏனுங்க, நான் பாடறது அத்தனை மோசமாவா இருக்குது?"

"அதில்ல புள்ள. நீ ஒத்திகையில பாடுனத போன்ல அனுப்புனியே, அதுக்கே தறிப்பட்டறையில அழுதுட்டேன்."

"தறிச் சத்தத்துல எப்படீங்க கேட்டுச்சு?"

"எல்லாத் தறியையும் நிறுத்திப்போட்டுத்தான் கேட்டேன்."

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"முன் வரிசையிலயே உக்காருங்க. உங்களப் பாக்காட்டி எனக்குப் பாட்டு வராது."

"அப்ப ஒரு துண்டு எடுத்துட்டு வாரேன்."

"ரெண்டா எடுத்துட்டு வாங்க."