ஏழாவது வாஷர்

— இது பெட்டியா, பட்டறையா?

— பெட்டிதான். அந்தப் பக்கம் கொஞ்சம் அமுக்கு. ஜிப் மூட மாட்டேங்குது.

— எப்படி மூடும்? மூணு ஸ்பேனர், ரெண்டு ரம்பம், ஒரே ஒரு சட்டை. போற இடத்துல சட்டையே போட மாட்டீங்களா?

— நாலு சட்டை இருக்கு. அடியில இருக்கு.

— முப்பத்தோரு வருஷம் பம்ப் மெக்கானிக் வேலை பாத்து ரிட்டயர் ஆன மனுஷன், இனிமேலாவது வீட்டுல காலை நீட்டி உக்காருவார்னு நினைச்சேன். தொண்டு பண்ணப் போறாராம். அதுவும் கடல் தாண்டி.

— ரெண்டே வருஷம்தான்.

— ரெண்டே வருஷம். என்னமோ கடைக்குப் போய்ட்டு வர மாதிரி.

— ஏழை நாடும்மா. கைப்பம்பு நின்னு போச்சுன்னா பொம்பளைங்க தண்ணிக்கு ஆறு மைல் நடக்கறாங்களாம். நாப்பது பம்பு கிடக்குதாம், பிரிச்சு மாட்ட ஒரு ஆள் இல்லை.

— இங்க நம்ம சமையலறைக் குழாய் ஒரு மாசமா சொட்டுது. நாளெல்லாம் நான் நடந்து நடந்து பாத்திரம் மாத்தி வைக்கறேன். அதைக் கேக்க எந்த நாட்டுலேருந்தும் தொண்டர் வரலை.

— நேத்துதான் சரி பண்ணேன்.

— நேத்து சரி பண்ணீங்க, இன்னிக்குச் சொட்டுது. போன வாரமும் சரி பண்ணீங்க, மறுநாளே சொட்டுச்சு. இதுவரைக்கும் எத்தனை தடவை?

— ஏழு.

— ஒரு குழாய்க்கு ஏழு தடவை. அங்க நாப்பது பம்பு. அந்த ஊர் ஜனங்க இப்பவே ஆளுக்கொரு படகு வாங்கி வெச்சுக்கறது நல்லது.

— ...போதும்டி.

— கேம்ப்ல இதைச் சொன்னீங்களா? பதினைஞ்சு நாள் பயிற்சின்னு கிளம்பிப் போனீங்களே.

— அங்க குழாயைப் பத்தி யாரும் கேக்கலை.

— அப்ப என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க?

— மத்தவங்க பேசறதை எப்படிக் காது கொடுத்துக் கேக்கணும்னு. ஒருத்தர் பேசும்போது குறுக்க பேசாம...

— பதினைஞ்சு நாளும் இதானா?

— ...குறுக்க பேசாம, முழுசாக் கேக்கணும். ஒரு பொண்ணு வந்து வகுப்பு எடுத்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருந்தா அதிகம்.

— நான் இத்தனை வருஷம் எடுத்த வகுப்பு ஏறலை. அந்தப் பொண்ணு எடுத்ததும் ஏறிடுச்சாக்கும்.

— ஜோடி ஜோடியா உக்காந்து ஒருத்தர் பேசணும், இன்னொருத்தர் கேட்டுத் தலையாட்டணும்.

— தலையாட்டறது உங்களுக்குப் புதுசா? நான் எது சொன்னாலும் அதைத்தான் பண்றீங்க. உள்ள ஒண்ணும் போகாது. சரி, அந்த ஊர் பாஷை எவ்வளவு தேறிச்சு?

— அறுபது வார்த்தை.

— அறுபதா? கல்யாணம் ஆனதுலேருந்து என்கிட்ட பேசினதே அவ்வளவு இருக்காது.

— தண்ணி. மெதுவா. கையை எடு. யாரு இதைத் திருகினது...

— அந்தக் கடைசி ஒண்ணு எதுக்கு?

— அதுதான் ரொம்ப முக்கியம். எந்த ஊர்லயும் பம்பு தானாக் கெட்டுப் போறது கொஞ்சம். தெரியாத யாரோ கை வெச்சுத்தான் கெடும்.

— ...ம்.

— என்ன 'ம்'?

— ஒண்ணும் இல்லை. உள்ளங்கையில என்ன அது? வார்த்தையை எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா? பரிட்சைக்குப் பிட் கொண்டு போற மாதிரி... காட்டுங்க.

— ஒண்ணுமில்லை, விடு.

— ஏன் கையை மூடறீங்க?

— மை. பேனா ஒழுகிடுச்சு.

— உங்க கை பட்டா பேனாவும் ஒழுகுது. இதென்ன டப்பா, கடகடங்குது? அட, எல்லாம் பழைய வாஷர். தேஞ்ச ரப்பர், கிழிஞ்ச ரப்பர்... இதையுமா விமானத்துல ஏத்தப் போறீங்க?

— அது வேண்டாம். வெளிய எடுத்து வை. எதுக்காவது ஆகும்னு சேத்து வெச்சது.

— எதுக்கு ஆகும்? குழாய்க்குள்ள போட்டா அரை நாள் தாங்குமா?

— தாங்காது. அது உனக்கு எப்படித் தெரியும்?

— இத்தனை வருஷமா உங்க பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சது யாரு? ...அது கிடக்கட்டும். தொண்டுக்கு எழுதிப் போட்டீங்களே, அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி இருந்துதே, 'தனிமையாகத் தோன்றினால் என்ன செய்வீர்கள்'னு. நீங்க எழுதின பதிலைப் பெரிய பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டினா.

— என்ன எழுதினேன்?

— 'பம்புக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பேன்.' வீட்டுக்கு ஒரு போன் பண்ணுவேன்னு எழுதத் தோணலை.

— அங்க டவர் இருக்குமோ இருக்காதோன்னு...

— டவர்.

— உனக்கும் ஒரு ஃபாரம் கொடுத்திருக்கணும். அதே கேள்விக்கு நீ என்ன எழுதுவ?

— எனக்கு எதுக்கு ஃபாரம்? நான் நிம்மதியா இருப்பேன். கட்டில் முழுக்க எனக்குத்தான். கொசுவலை கட்டிப் பழகறேன்னு ஒருத்தர் மேல வந்து விழ மாட்டார். ...மணி என்ன ஆச்சு?

— பதினொண்ணு ஆகப் போகுது.

— பதினொரு மணிக்குத்தானே அந்தத் தொண்டு ஆபீஸ்லேருந்து போன்? 'வரேன்'னு சொல்லிட்டா டிக்கெட் போட்டுடுவாங்க. பேசி முடிங்க, அப்புறம் ரெண்டு பேருமா ஏறி உக்காந்து பெட்டியை மூடலாம்.

— மூட வேண்டாம்.

— ஏன், இன்னொரு ரம்பம் வைக்கணுமா?

— எல்லாத்தையும் வெளிய எடுத்துடு. நான் போகலை.

— ...என்ன விளையாட்டு இது?

— போன் வந்ததும் வேற ஆள் பாத்துக்கங்கன்னு சொல்லிடப் போறேன்.

— நல்லாருக்கே. ஒரு மாசமாத் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், அப்ப காதுல விழலை. மஞ்சக்காய்ச்சல் ஊசி போட்டுக்கிட்டு மூணு நாள் முனகினீங்க. தெரு பூரா சொல்லியாச்சு. இப்ப பயம் வந்துடுச்சாக்கும். எனக்கு அப்பவே தெரியும், எல்லாம் வாய்ச்சவடால்.

— பயம்தான்.

— எதுக்கு? பாம்புக்கா?

— கையைக் காட்டச் சொன்னியே. இந்தா, படி.

— 'புதுசு. நானே போட்டேன்.' ...என்னங்க இது?

— நேத்து குழாய்க்குப் புது வாஷர் போட்டதும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் பாக்கெட்டைப் பிரிச்சு புதுசைத்தான் போடறேன். அப்படித்தான் ஞாபகம் இருக்கு. மறுநாள் சொட்டுதுன்னு கழட்டிப் பாத்தா, உள்ள பழசு இருக்கு. இன்னிக்குக் காலையில நடந்துட்டு வந்ததும் கழட்டினேன். கையில 'புதுசு'ன்னு இருக்கு. குழாய்ல தேஞ்சது இருக்கு. பழசையே திருப்பி மாட்டிட்டு, புதுசு போட்டதா எழுதியும் வெச்சிருக்கேன் பாரு. அப்படியே மூடிட்டேன். எட்டாவது தடவை போட தைரியம் வரலை.

— கடைக்காரன் மட்டமான சரக்கைக் கொடுத்திருப்பான்...

— பாக்கெட்டை எண்ணிப் பாத்தேன். பத்துல மூணுதான் இருக்கு. மீதி ஏழை எங்க வெச்சேன்? வீடு பூரா தேடியாச்சு. ஞாபகமே இல்லை.

— இதுக்குப் போய்...

— அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. கதவைப் பூட்டாம பூட்டினேன்னு சத்தியம் பண்ணுவார். அப்புறம் ஒருநாள் என்னையே யாருன்னு கேட்டார்.

— உங்க அண்ணன் கதை வேறங்க.

— வேற இல்லை. கடைசி ரெண்டு வருஷம் நீதான் அவருக்கு ஊட்டி விட்ட. வேலைக்காரின்னு நினைச்சு உன் மேல தட்டை விட்டெறிஞ்சார். ராத்திரி பகல் தெரியாம நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். மறுபடியும் என்னால நீ...

— ஏங்க, அப்படியெல்லாம் பேசாதீங்க.

— வெள்ளிக்கிழமை டாக்டரைப் பாக்க நேரம் வாங்கியிருக்கேன். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். நாலு பேர் குடிக்கற தண்ணியில போய் இந்த லட்சணத்துல கை வைக்கக் கூடாது. நீ சொன்னதெல்லாம் சரிதான். ஒரு குழாயைச் சரி பண்ணத் துப்பு இல்லாதவன்.

— நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்றது...

— போன் அடிக்குது. நீயே எடுத்துச் சொல்லிடும்மா. எனக்கு வார்த்தை வராது.

— நான் எடுக்க மாட்டேன்.

— கட்டாயிடும்.

— நீங்களே எடுத்து 'வரேன்'னு சொல்லுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க போட்டது ஏழு தடவையும் புதுசுதான். நீங்க காலையில நடக்கப் போனதும் வால்வை மூடிட்டு, உங்க ஸ்பேனரால கழட்டி, அந்த டப்பாவுலேருந்து பழசை எடுத்து மாட்டினது நான். வீட்டுக் குழாய் ஒழுகும்போது விட்டுட்டுப் போக மாட்டீங்கன்னு நினைச்சேன்... ரெண்டு வருஷம் இந்த வீட்டுல நான் யாரைத் திட்டிக்கிட்டு இருக்கறது? அந்த ஏழும் என் தையல் டப்பாவுல, நூல்கண்டுக்கு அடியில இருக்கு. எடுத்துப் பெட்டியில வைங்க. அங்க கிடைக்குதோ என்னவோ.