கனாக் காணும் கன்று

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டுப் பெண்ணின் கையில் பீங்கான் பொம்மைப் பட்டறையின் வெள்ளை மண் ஒட்டியிருந்தது.

“எங்க கன்னுக்குட்டி கனாக் காணுதுக்கா. மழைக்கு வர்ற தொண்டை அடைப்பான் நோவு வராம இருக்க ஊசி போட்டதுலேருந்து காது சுடுது, கண்ண மூடிக்கினே நிக்குது.”

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். “அந்த நோவு எப்படி இருக்கும்னு ஒடம்பு இப்பவே பாத்து வச்சிக்குது. நெசமா வந்தா அடையாளம் தெரியணுமில்ல? கறவ மாடு எப்படி இருக்குது?”

“பாலு கொறைஞ்சிடும்னு அத ஊசிக்கு ஓட்டிக்கினு போவல. பட்டறைச் சூளைக்குப் பின்னால மறைச்சிக் கட்டிட்டேன். அது நல்லா இருக்குதுக்கா.”

வெளியே மழை பிடித்தது. ஷட்டரை இறக்கப்போன அக்காவின் கை பாதியில் நின்றது.

“போன மழைக்கு எங்க மாடும் நல்லாத்தாம்மா இருந்துச்சு, சாயங்காலம் வரைக்கும்.”